பப்பாளிப் பாலில் விழுந்த தண்ணீர்

மெய்யம்மையிடம் வேதியியல் கற்க வந்தவர்கள் நிறையப் பேர். நாற்றம் தாங்காமல் ஓடியவர்கள் போக மிஞ்சியது இரண்டு பேர். மூத்தவர் பூவராகன், நாற்பதைத் தாண்டியவர், கல்லூரி வேலையை உதறிவிட்டு வந்தவர். அடுத்தவள் ஜெசிந்தா, நேற்று வந்தவள்.

நேற்று என்பது பூவராகனின் கணக்கு. அவள் வந்து இரண்டு மழைக்காலம் போயிருந்தது.

நாற்றம் என்றால் சும்மா நாற்றமில்லை. பியூட்டிரிக் அமிலம். கெட்டுப்போன நெய்யிலும் குழந்தை கக்கிய பாலிலும் இருக்கிற சரக்கு, புட்டி புட்டியாக அங்கே இருந்தது. பூவராகன் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட் தானாகக் காலியாகும். வீட்டில் அவர் சட்டைக்கென்று தனி வாளி. இவ்வளவையும் பொறுத்துக்கொண்டவருக்கு ஒரே ஒரு பெண்ணைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

தென்காசிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருந்தது அந்த ஆய்வுக்கூடம். ஓர் அறக்கட்டளை நடத்தியது. செடிகொடிகளில் இருக்கும் நொதிகளைக் கொண்டே மணப்பொருள்களைச் செய்ய முடியுமா என்று பார்ப்பது அங்கே வேலை. மெய்யம்மைதான் அதன் தலைவி, ஆசிரியர், எல்லாம். கிராம்பு ஒன்றைக் கடைவாயில் அடக்கிக்கொண்டு, அதிகம் பேசாமல் வேலை செய்வார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒரு குடுவையைத் திறந்ததும் மெய்யம்மை ஒரு காகிதத் துண்டை அதில் தோய்த்து, யாராவது ஒருவர் கையில் முதலில் கொடுப்பார். வாங்கியவர் முகர்ந்து பார்க்க வேண்டும். "என்ன வாசனை?" என்று அவர் கேட்க மாட்டார்.

"கையில என்ன?" என்றுதான் கேட்பார்.

அவருக்குக் கரி, அதாவது கார்பன் அணு, நாலு கை உள்ள ஆசாமி. நாலு கையிலும் ஹைட்ரஜனைப் பிடித்துக்கொண்டிருந்தால் அடுப்பில் எரிகிற வாயு, அவ்வளவுதான். ஒரு கையில் ஹைட்ராக்சிலைக் கொடுத்தால் ஆல்கஹால். கார்பாக்சிலைக் கொடுத்தால் அமிலம். அமினைக் கொடுத்தால் மீன் சந்தை. பள்ளிப் புத்தகம் வினைச்செயல் தொகுதி என்று சொல்வதை அவர் கை என்று சொல்லிவிடுவார். சர்க்கரை, கொழுப்பு, வியர்வை, கண்ணீர் எல்லாவற்றையும் அப்படித்தான் படிக்கச் சொன்னார்.

அந்த முதல் துண்டு பூவராகனுக்கு உரியது. யாரும் அப்படி எழுதி வைக்கவில்லை. ஆனாலும் கொடுத்துக் கொடுத்து அது அவருடையதாகிவிட்டது. கோயிலில் முதல் மரியாதை வாங்குகிறவர் மாதிரி கையை நீட்டி வாங்குவார்.

ஒருநாள் அந்தத் துண்டு, நீட்டிய அவர் கையைத் தாண்டி ஜெசிந்தாவிடம் போனது.

"கையில என்ன?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "ஆல்டிஹைடு, மேடம். ஆனா மூடி சரியா போடல. கொஞ்சம் காத்துப் பட்டு அமிலமா மாறத் தொடங்கிடுச்சு."

மெய்யம்மை சிரித்தார். அவர் சத்தமாகச் சிரித்துப் பூவராகன் பார்த்ததே இல்லை. அன்றைக்கு எரியத் தொடங்கிய வயிறு அப்புறம் அணையவே இல்லை.

பொறாமைக்காரனுக்குக் காரணத்துக்கா பஞ்சம்? மேடம் அவளை "நீ" என்றார், தன்னை "நீங்க" என்றார். ஆகா, நம்மைத் தள்ளி வைத்திருக்கிறார் என்று நினைத்தார். அவள் குடுவையை உடைத்தபோது மேடம் திட்டினார். திட்டு வாங்குவதிலும் அவளுக்குத்தான் முதலிடமா என்று அதற்கும் குமுறினார். இத்தனைக்கும் ஜெசிந்தா அவரை வாய்க்கு வாய் "அண்ணே" என்பாள். அந்த அண்ணே அவர் காதில் புளித்தது.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்.

"மேடம், ஜெசிந்தாகிட்ட இருக்கறது என்கிட்ட என்ன இல்ல?"

மெய்யம்மை அலமாரியிலிருந்து இரண்டு புட்டிகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்றில் எத்தனால். இன்னொன்றில், வினிகருக்குப் புளிப்பைக் கொடுக்கிற அசிட்டிக் அமிலம்.

"இதுல எத்தனை கரி?"

"ரெண்டு."

"அதுல?"

"அதுலயும் ரெண்டுதான், மேடம். இது பள்ளிக்கூடப் பாடம்."

"இது அதைப் பாத்து, உன்கிட்ட இருக்கறது என்கிட்ட இல்லையேன்னு அழுதா என்ன சொல்லுவீங்க?"

"உடம்பு ஒண்ணுதான், கையில இருக்கறதுதான் வேறன்னு சொல்லுவேன்."

"சொல்லிப் பாருங்க."

சொல்லிவிட்டு மெய்யம்மை அடுத்த வேலையைப் பார்க்கப் போனார். பூவராகன் இரண்டு புட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். அப்படியென்றால் என் கை மட்டமான கை என்கிறாரா? வீடு போய்ச் சேரும்வரை இதையே மென்றுகொண்டு போனார்.

ஐப்பசியில் மெய்யம்மை இருவரையும் கூப்பிட்டார்.

"தை பிறந்ததும் நான் வேலையை விட்டுட்டு ஊருக்குப் போறேன். பப்பாளிப் பாலை வேலை செய்ய வைக்கறவங்க கையில இந்த இடத்தைக் குடுக்கச் சொல்லியிருக்கேன். அறக்கட்டளையில ஒத்துக்கிட்டாங்க."

பப்பாளிக் காயைக் கீறினால் பால் வடியும். அதைக் காயவைத்தால் பொடியாகும். அந்தப் பொடிக்குள் ஒரு நொதி இருக்கிறது. அது நினைத்தால் நாற்றம் பிடித்த பியூட்டிரிக் அமிலத்தையும் எத்தனாலையும் சேர்த்து வைத்துவிடும். அமிலம் தன் ஹைட்ராக்சிலை விட வேண்டும். ஆல்கஹால் ஒரு ஹைட்ரஜனை விட வேண்டும். விட்டவை இரண்டும் கூடித் தண்ணீராகப் போய்விடும். மீதி இரண்டும் சேர்ந்தால் எஸ்டர். அதன் மணம் அசல் அன்னாசிப் பழம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பிறந்த தண்ணீர் பக்கத்திலேயே நின்றால், சேர்ந்ததைத் திரும்பப் பிரித்துவிடும். மறுபடி நாற்றம். அதனால் எஸ்டர் செய்கிறவர்களுக்குத் தண்ணீர் என்றால் ஆகாது. இது அந்தத் தொழிலில் அரிச்சுவடி.

முதலில் பூவராகன்தான் முயன்றார். குடுவையை அடுப்பில் வைத்து உலர்த்தினார். கரைப்பானை, ஈரத்தை உறிஞ்சும் வெள்ளை மணிகளில் ஊறவைத்து வடித்தார். பப்பாளிப் பொடியை உலர்த்தினார். எல்லாவற்றையும் சேர்த்து, இளஞ்சூட்டில் குலுங்கும் தொட்டியில் இரவு முழுக்க விட்டார். காலையில் திறந்தால் அதே நெய் நாற்றம். ஈரம் இருந்துவிட்டது என்று இன்னும் உலர்த்தினார். அதே நாற்றம். இன்னும் உலர்த்தினார்.

"ஜெசி, நீ பாரு" என்றார் மெய்யம்மை ஒருநாள்.

பூவராகனுக்கு மூஞ்சியில் அடித்தது போலிருந்தது. ஆனாலும் பெருந்தன்மையைக் காட்டிக்கொள்ள வேண்டுமே! உலர்த்துகிற வித்தை முழுவதையும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவள் அப்படியே செய்தாள், தோற்றாள். மறுபடி செய்தாள், தோற்றாள். அவள் தோற்ற நாட்களில் பூவராகனுக்கு நல்ல பசி எடுத்தது. வீட்டில் இன்னொரு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மார்கழி பாதி போனபோது ஜெசிந்தா பொடியை வெற்றிடத்தில் வைத்து உலர்த்தி எடுத்தாள். மாவு மாதிரி பறந்தது. மெய்யம்மை அதை விரலில் தொட்டுப் பார்த்தார்.

"நல்லாக் காஞ்சிருக்கே. இந்தத் தடவை வந்துரும் போலிருக்கு."

இதைப் பூவராகன் கேட்டுக்கொண்டிருந்தார். வந்துவிடும்! இந்த மேஜை, இந்தப் புட்டிகள், முதல் துண்டு எல்லாம் அவளுக்கு. தான் அவளிடம் விடுப்புக் கேட்டு நிற்க வேண்டும்.

சாயங்காலம் ஜெசிந்தா குடுவையைத் தொட்டியில் ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போனாள். மெய்யம்மை தோட்டத்தில் இருந்தார். பூவராகன் தண்ணீர் பிதுக்கும் வாஷ் பாட்டிலை எடுத்தார். குடுவையின் மூடியைத் திறந்தார். பிதுக்கினார். துளித்துளியாக உள்ளே விழுந்தது. எவ்வளவு என்று பார்க்கிற நிலையில் அவர் இல்லை. தோட்டத்துப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டதும் மூடிவிட்டு நகர்ந்தார்.

வீட்டில் அன்றைக்கு மனைவி கேட்டாள், "என்ன, இவ்வளவு சந்தோஷமா இருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல" என்றார். உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் வாசலுக்கு வந்தவர் அப்படியே நின்றார். ஆய்வுக்கூடம் முழுக்க அன்னாசி மணத்தது.

ஜெசிந்தா தலைகால் புரியாமல் ஓடி வந்தாள். "அண்ணே! வந்துடுச்சு அண்ணே! நீங்க சொல்லிக் குடுத்தபடியே உலர்த்தினேன். எல்லாம் உங்களாலதான்!" அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

எல்லாம் தன்னால்தான் என்பது அவருக்கு இன்னும் உறைக்கவில்லை. தண்ணீர் ஊற்றியும் வந்திருக்கிறது, இவள் அதிர்ஷ்டம் எப்பேர்ப்பட்டது என்றுதான் வெந்துகொண்டிருந்தார். மெய்யம்மை துண்டைத் தோய்த்து ஜெசிந்தாவிடம் கொடுத்தார். பிறகு குடுவையிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒரு சீசாவில் ஊற்றி, தன் அறைக்குக் கொண்டு போனார்.

"திரும்பச் செய்" என்றார் போகிறபோது.

அவள் திரும்பச் செய்தாள். நாற்றம். மறுபடி செய்தாள். நாற்றம்.

ஒருதடவை வந்து மறுதடவை வராததை அந்தத் தொழிலில் யாரும் நம்ப மாட்டார்கள். அறக்கட்டளையின் செயலாளர் சிவசைலம் அரிசி ஆலைக்காரர், வேதியியல் தெரியாதவர், ஆனால் சந்தேகப்படத் தெரிந்தவர். அவருக்குச் சேதி போன கையோடு காரில் வந்து இறங்கினார்.

"ஏம்மா, ஐஸ்கிரீம் கடை எசென்ஸை வாங்கி ஊத்திட்டியா?"

ஜெசிந்தா இல்லையென்று தலையாட்டினாள்.

"திங்கக்கிழமை வாரேன். என் கண்ணு முன்னாடி குடுவையத் திறக்கணும். மணந்தா சரி. இல்லன்னா மூட்டையக் கட்டிக்கோ." போகிறபோது பூவராகனின் தோளைத் தட்டினார். "அப்புறம் உங்களை விட்டா யாரு இருக்கா?"

அன்று பிற்பகல்தான் பூவராகனுக்குப் பளிச்சென்று புரிந்தது. மணந்த குடுவைக்கும் நாறிய குடுவைகளுக்கும் ஒரே வித்தியாசம் தான் ஊற்றிய தண்ணீர்! நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சொன்னால் அவள் பிழைத்துக்கொள்வாள். தான் மாட்டிக்கொள்வோம். சொல்லாவிட்டால் திங்கட்கிழமையோடு எல்லாம் தனக்கு. அப்புறம் ஆற அமரத் தண்ணீரைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

வாயை மூடிக்கொண்டார். பக்கத்து அறையில் ஜெசிந்தா பொடியை இன்னும் உலர்த்திக்கொண்டிருந்தாள். மெய்யம்மை அவளுக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இப்போதுகூட டீ அவளுக்குத்தான் என்று பூவராகன் நினைத்தார்.

திங்கட்கிழமை வந்தது. சிவசைலம் முன்னால் ஜெசிந்தா குடுவையைத் திறந்தாள். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார்.

"சரிம்மா. மூட்டையக் கட்டு."

ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டு அங்கியைக் கழற்றத் தொடங்கினாள். பூவராகன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிஷம்" என்றார் மெய்யம்மை. அன்றைக்கு எடுத்துவைத்த சீசாவைக் கொண்டுவந்து வைத்தார். "இது எசென்ஸ் இல்ல. கடைச் சரக்கை ஊத்தியிருந்தா போட்ட அமிலம் அப்படியே இருக்கணும். இதுல பாதி குறைஞ்சிருக்கு, எஸ்டரா மாறிடுச்சு. இன்னொண்ணும் பாத்தேன். இவ்வளவு எஸ்டர் பிறந்தா இவ்வளவு தண்ணிதான் பிறக்கணும்னு கணக்கு இருக்கு. அளந்து பாத்தேன், இன்னிக்குக் காலையிலதான் முடிஞ்சுது. தண்ணி அதைவிட ஜாஸ்தி இருக்கு. யாரோ வெளியிலேருந்து ஊத்தியிருக்காங்க."

"தண்ணி ஊத்தினா கெட்டுப் போகும்னுல்ல சொல்லுவீங்க?" என்றார் சிவசைலம்.

"நிறைய ஊத்தினா கெடும். கொஞ்சமா விழுந்ததுதான் இங்க வேலை செஞ்சிருக்கு. நொதி ஒரு புரதம். அது மடங்கி நிமிர ஈரம் வேணும். நாங்க மூணு பேரும் போட்டி போட்டு அதைக் காய வச்சுக் கட்டையாக்கிட்டோம். இவ்வளவு வருஷமா எனக்கும் தோணல." மெய்யம்மை சீசாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இந்தத் தண்ணிய ஊத்தினது யாரோ, அவங்கதான் இதைக் கண்டுபிடிச்சவங்க."

சிவசைலத்தின் முகம் மலர்ந்தது. "அப்போ நீதானம்மா ஊத்தியிருக்கே!"

"இல்ல சார்."

"கைத்தவறுதலா விழுந்திருக்கும். மறந்திருப்பே."

"இல்ல சார். நான் ஊத்தவே இல்ல."

"பாத்தீங்களா மேடம், எவ்வளவு தன்னடக்கம்! நான் கூட அவசரப்பட்டுட்டேன். பத்திரிகைக்காரங்களைக் கூப்பிடணும். ஜெசிந்தா முறைன்னே பேர் வச்சிருவோம். வாசல்ல போர்டு வைக்கணும்..."

ஜெசிந்தா முறை! பூவராகனுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது. தன் தண்ணீர். தன் கை. அதற்கு அவள் பெயரா? இவ்வளவு நாள் அடக்கி வைத்த வாய் தானாகத் திறந்துகொண்டது.

"நான்தான் ஊத்தினேன்!"

மூவரும் அவரைப் பார்த்தார்கள். ஒரு கணம் அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"எதுக்கு ஊத்தினீங்க?" என்றார் மெய்யம்மை.



"நொதிக்கு... ஈரம்..." என்று பூவராகன் தொடங்கினார். மேலே ஓடவில்லை.

ஜெசிந்தாவின் முகம்தான் முதலில் தெளிந்தது. "அண்ணே! எனக்கு ஒத்தாசை பண்ணத்தான் ஊத்தினீங்களா? சொல்லியிருக்கலாமே அண்ணே! நான் தப்பா எடுத்துக்குவேன்னு நினைச்சீங்களா?"

பதிலை அவளே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள். ஆமாம் என்று தலையாட்டினால் போதும். சிவசைலம் கை குலுக்கத் தயாராக இருந்தார். பூவராகன் அவள் முகத்தைப் பார்த்தார். அழுது அழுது வீங்கியிருந்தது அது. அதில் அவரைப் பற்றி ஒரு துளி சந்தேகமும் இல்லை. அவரால் தலையாட்ட முடியவில்லை.

"இல்லம்மா" என்றார். "கெடுக்கறதுக்கு ஊத்தினேன்."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"உனக்கு வந்துடக் கூடாதுன்னு ஊத்தினேன். நீ டீ குடிக்கப் போயிருந்தப்ப."

ஜெசிந்தா கழற்றிய அங்கியைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள்.

"என்னை எசென்ஸ் வாங்கி ஊத்தினவள்னு சொன்னாங்களே, அப்பவும் பேசாம நின்னீங்களே சார்" என்றாள்.

சார் என்று அவள் சொன்னதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விட வலித்தது.

சிவசைலம் எழுந்தார். "அப்ப மூட்டைய இவருல்ல கட்டணும்!"

"ஆய்வுக்கூடம் ஜெசிந்தாவுக்கு" என்றார் மெய்யம்மை. "அதை முடிவு பண்ணிக்கங்க. மத்ததை அவ பாத்துக்குவா."

அதைக் கேட்டபோதும் பூவராகனுக்கு வயிறு எரிந்தது. இவ்வளவு நடந்த பிறகும், இத்தனை பேர் முன்னால் தலைகுனிந்து நிற்கும்போதும் எரிந்தது. இது அணையாது போலிருக்கிறதே என்று அவருக்குப் பயமாகிவிட்டது. ஊற்றியதை ஒத்துக்கொண்டபோது வராத கண்ணீர் அப்போதுதான் வந்தது.

சிவசைலத்தின் கார் கிளம்பிப் போனது. ஜெசிந்தா புதுக் குடுவை ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அமிலம் ஊற்றினாள், எத்தனால் ஊற்றினாள், கரைப்பான் ஊற்றினாள், பப்பாளிப் பொடியைத் தூவினாள். தண்ணீரை மட்டும் ஊற்றாமல் நின்றாள்.

பூவராகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தார்.

"நான் கிளம்பறேன், மேடம்."

மெய்யம்மை மேஜைமேல் இருந்த சீசாவை மூடினார்.

"பொய் சொல்லல. இப்பவும் எரியுது. அவ அந்தக் குடுவையத் தொடறதைப் பாக்கும்போதே எரியுது. இப்படிப்பட்டவன் இங்க இருந்து என்ன பிரயோஜனம்?"

மெய்யம்மை ஜெசிந்தாவைப் பார்த்தார். அவள் பூவராகனைப் பார்க்காமல் குடுவையை மட்டும் கொஞ்சம் அவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"அளவு அவ சொல்லுவா" என்றார் மெய்யம்மை. "நீங்க போயிட்டா தண்ணிய யாரு ஊத்துவா?"